அந்த ஓராண்டு எங்கே ஒளிந்திருக்கிறது? ஃபவுண்டேஷன் படிப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனபோது சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. பளபளப்பான கையேடுகள் பரப்பிக் கிடந்தன. ஏதோ ஒரு ஹோட்டலில் நடந்த கல்விக் கண்காட்சிக்குப் போய்வந்திருக்கிறார்கள். இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை நான்கில் படிக்கும் அக்கா மகன் உற்சாகமாக இருந்தான். "மாமா, ஒரு வருஷம் ஃபவுண்டேஷன் படிச்சா நேரா லண்டன் டிகிரியாம். ஜேசியே வேண்டாமாம்!"

அவன் சொன்ன ஃபவுண்டேஷன், பட்டப்படிப்புக்கு முன் படிக்கும் ஓராண்டு ஆயத்தப் படிப்பு. ஜேசி என்பது தொடக்கக் கல்லூரி, உயர்நிலைக்குப் பின் இரண்டு ஆண்டு படித்து மேல்நிலைத் தேர்வு (ஏ லெவல்) எழுதும் இடம். அக்காவின் கவலை வேறு. "அந்த ஃபவுண்டேஷனையும் விட்டுட்டு நேரா டிகிரிக்குப் போக முடியாதாடா? ஒரு வருஷக் காசு மிச்சமாகுமே."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "இது நம்ம பி.யூ.சி.தானே?"

மூவரில் விஷயத்தைச் சரியாகப் பிடித்தவர் அப்பாதான்.

அப்பா திருச்சியில் படித்த காலத்தில் பள்ளிப் படிப்பு 11ஆம் வகுப்போடு முடிந்துவிடும். அப்புறம் கல்லூரிக்குள்ளேயே ஓராண்டு பி.யூ.சி., அதாவது புகுமுக வகுப்பு. பிறகு மூன்றாண்டு பட்டம். 1978இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தது. புகுமுக வகுப்பு கல்லூரியிலிருந்து கழன்று பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. படிக்க வேண்டிய மொத்த ஆண்டுகள் மாறவில்லை, 15தான். அந்த ஓராண்டு குடியிருந்த வீடுதான் மாறியது.

ஹாங்காங்கில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே பள்ளிப் படிப்பில் ஓராண்டைக் குறைத்து, 2012 முதல் பல்கலைக்கழகப் பட்டத்தை மூன்றிலிருந்து நான்கு ஆண்டாக்கினார்கள். ஸ்காட்லாந்தில் பட்டப்படிப்பு வழக்கமாக நான்கு ஆண்டு, பக்கத்திலேயே இருக்கும் இங்கிலாந்தில் மூன்று. ஸ்காட்லாந்துப் பட்டம் உசத்தி என்று அர்த்தமில்லை. இங்கிலாந்து மாணவர் 13 ஆண்டு பள்ளியில் இருந்து, கடைசி இரண்டு ஆண்டுகளில் மூன்று பாடங்களை மட்டும் ஆழமாகப் படித்துவிட்டு வருகிறார். ஸ்காட்லாந்தில் அந்த ஆழத்தின் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு சொல்லித்தருகிறது. அதனால்தான் மேல்நிலைத் தேர்வில் நன்றாகச் செய்த மாணவர்களைச் சில ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்கள் நேராக இரண்டாம் ஆண்டிலேயே சேர்த்துக்கொள்கின்றன.

ஆக, ஃபவுண்டேஷன் ஆண்டு என்பது எல்லாரும் ஏறியே ஆக வேண்டிய படி அல்ல. நீங்கள் பள்ளியில் நிறுத்திய இடத்துக்கும், பட்டப்படிப்பு தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் இருந்தால், அதை நிரப்பும் மண் அது. பள்ளமே இல்லாதவருக்கு மண் எதற்கு? இருப்பவர் தாண்டிக் குதித்தால் காலை உடைத்துக்கொள்வார். "ஃபவுண்டேஷனைத் தவிர்க்கலாமா" என்று கேட்பதற்கு முன் "எனக்கு அந்தப் பள்ளம் இருக்கிறதா" என்று கேட்டுக்கொள்வதுதான் முறை.

சிங்கப்பூரில் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. இங்கே அந்த ஆண்டு ஏற்கெனவே வேறு பெயரில் படிக்கப்பட்டுவிடுகிறது. தொடக்கக் கல்லூரியில் இரண்டு ஆண்டு, மில்லேனியா கல்வி நிலையத்தில் மூன்று ஆண்டு, பலதுறைத் தொழிற்கல்லூரியில் (பாலிடெக்னிக்) மூன்று ஆண்டு டிப்ளோமா. இந்த மூன்றில் எதை முடித்தாலும் பட்டப்படிப்பின் வாசலுக்கு வந்துவிட்டீர்கள். அந்தக் காலத்தில் இங்கேயும் 'ப்ரீ-யு' வகுப்பு என்றுதான் சொல்வார்கள். புகுமுக வகுப்பேதான். ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரியேட்) டிப்ளோமா முடித்தவர்களுக்கும் இதே கதை. இந்தியப் பாடத்திட்டத்தில் நடக்கும் அனைத்துலகப் பள்ளிகளில் சிபிஎஸ்இ 12ஆம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய இதேதான், சில விதிவிலக்குகளோடு. அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலோ (என்யுஎஸ்) நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ சேர நினைக்கும் உள்ளூர் மாணவருக்கு 'ஃபவுண்டேஷன் ஆண்டு' என்ற பேச்சே எழுவதில்லை. மேல்நிலைத் தேர்வு மதிப்பெண் போதுமா, டிப்ளோமா மதிப்பெண் சராசரி போதுமா என்பதுதான் அங்கே கேள்வி. போதவில்லை என்றால் ஃபவுண்டேஷன் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல முடியாது. ஒரு தனியார் கல்லூரி கொடுக்கும் ஃபவுண்டேஷன் சான்றிதழ் அந்த வாசலைத் திறக்கும் சாவி அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "முதலில் ஃபவுண்டேஷன், அப்புறம் என்யுஎஸ் பார்த்துக்கலாம்" என்று நம்பிப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

சரி, அப்படியானால் பள்ளம் யாருக்கு இருக்கிறது? முதலில் நம் வீட்டுப் பையனைப் போன்றவர்களுக்கு. உயர்நிலை முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வோடு (ஓ லெவல்) நிறுத்திவிட்டு வெளிநாட்டுப் பட்டத்துக்குப் போக நினைப்பவர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தொடக்கநிலை ஆறு ஆண்டு, உயர்நிலை நான்கு ஆண்டு, மொத்தம் பத்து. இங்கிலாந்தில் பட்டப்படிப்பு தொடங்கும் மாணவர் பள்ளியில் 13 ஆண்டு இருந்தவர். இந்த இடைவெளியை ஒன்றுமில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே அக்கா கேட்ட "அதையும் விட்டுட்டு நேரா போக முடியாதா" என்பதற்குப் பதில் ஒரே சொல்தான்: முடியாது. ஆனால் அவள் மகன் சொன்னது பொய்யில்லை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் சாதாரண நிலைத் தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றவர்களை ஃபவுண்டேஷன் வகுப்பில் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. மெல்பர்ன் பல்கலைக்கழகத்துக்கு டிரினிட்டி கல்லூரி நடத்தும் ஃபவுண்டேஷன் படிப்பு அப்படிப்பட்டது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்கும் மொனாஷ் பல்கலைக்கழகத்துக்கும் இதுபோன்ற படிப்புகள் இருக்கின்றன. அவன் ஃபவுண்டேஷனைத் தவிர்க்கப் பார்க்கவில்லை. ஃபவுண்டேஷனை வைத்துத் தொடக்கக் கல்லூரியைத் தவிர்க்கப் பார்க்கிறான். இரண்டு ஆண்டு வேலை ஓராண்டில் முடிகிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்கச் சொல்வேன். மேல்நிலைத் தேர்வு என்பது ரொக்கப் பணம் மாதிரி. கேம்பிரிட்ஜோடு சேர்ந்து நடத்தப்படும் பொதுத்தேர்வு, வினாத்தாளைப் பள்ளி தயாரிப்பதில்லை, விடைத்தாளைப் பள்ளி திருத்துவதில்லை. அந்த மதிப்பெண் பட்டியலை உலகத்தின் எந்த மூலைக்கும் கொண்டுபோகலாம். ஃபவுண்டேஷன் சான்றிதழ் கடைக்காரர் கொடுக்கும் பரிசுச் சீட்டு மாதிரி. அந்தக் கடையிலும், அவரோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் இரண்டு மூன்று கடைகளிலும் செல்லும். அதே பல்கலைக்கழகத்தில் நீங்கள் விரும்பிய துறையில் இடம் கிடைக்க வேண்டுமென்றால், அவர்கள் வரையறுத்த மதிப்பெண்ணையும் எடுத்தாக வேண்டும். எடுக்கவில்லை என்றால் கையில் இருப்பது பழைய சாதாரண நிலைச் சான்றிதழ் மட்டும்தான். அதோடு ஒரு வருட வாடகையும் விமான டிக்கெட்டும்.

நான் இதைப் படிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. தேர்வு மண்டபத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுவது சிலருக்கு ஒத்துவராது. ஒப்படைப்பு, குழுவேலை, சின்னச் சின்னத் தேர்வு என்று ஆண்டு முழுவதும் பரவிக் கிடக்கும் முறையில் அதே பிள்ளைகள் நன்றாகச் செய்வார்கள். எந்தத் துறை, எந்தப் பல்கலைக்கழகம் என்று முடிவாகவும் தெரிந்துவிட்டால் அது நல்ல வழிதான். முடிவாகத் தெரியாத 16 வயதுப் பிள்ளைக்குப் பரிசுச் சீட்டு எதற்கு என்பதுதான் என் கேள்வி.

ஆண்பிள்ளைகள் வீட்டில் இன்னொரு கணக்கும் உண்டு: தேசிய சேவை, அதாவது இங்கே ஆண்கள் கட்டாயம் செய்ய வேண்டிய சீருடைப் பணி. மேல்நிலைத் தேர்வும் பலதுறைத் தொழிற்கல்லூரி டிப்ளோமாவும் முடியும்வரை சேவையைத் தள்ளிவைக்க அனுமதி கிடைக்கும். பட்டப்படிப்புக்காகத் தள்ளிவைப்பது பொதுவாகக் கிடையாது. ஆக 17 வயதில் ஃபவுண்டேஷனை முடித்தவன் அப்படியே முதலாண்டுக்குள் நுழைந்துவிட முடியாது, நடுவில் இரண்டு ஆண்டு சீருடை காத்திருக்கிறது. 'ஓராண்டு மிச்சம்' என்ற விளம்பரம் அவனுக்காக எழுதப்பட்டதல்ல. அந்த இரண்டு ஆண்டும் பல்கலைக்கழகம் இடத்தை வைத்திருக்குமா, சான்றிதழ் அதுவரை செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தள்ளிவைப்பு பற்றி, சேவைக்கு ஆள் சேர்க்கும் சிஎம்பிபியிடம் கேட்காமல் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள். கண்காட்சியில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கவலை கிடையாது.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நம்மவர்களிடையே இன்னும் இருக்கிறது. "டிப்ளோமாதானே, வெளிநாடு போனால் ஃபவுண்டேஷன் படிக்கணும்" என்பார்கள். தேவையே இல்லை. தொடர்புள்ள துறையில் நல்ல மதிப்பெண்ணோடு டிப்ளோமா முடித்தவர்களுக்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் பலவும் பாட விலக்கு கொடுக்கின்றன. சில இடங்களில் பட்டப்படிப்பில் ஓராண்டோ அதற்கு மேலோ குறைகிறது. பிரிட்டனிலும் நேரே இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்கள் உண்டு. டிப்ளோமா படித்த பிள்ளைக்கு ஃபவுண்டேஷன் வேண்டும் என்று ஒரு முகவர் சொன்னால், ஏன் என்று நேருக்கு நேர் கேளுங்கள்.

அதே தொழிற்கல்லூரிகளில் 'பலதுறைத் தொழிற்கல்லூரி ஃபவுண்டேஷன் திட்டம்' என்று ஒன்று 2013 முதல் நடக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் குழப்பிக்கொள்கிறார்கள். இது பட்டப்படிப்புக்கு முந்தைய ஆண்டு அல்ல, டிப்ளோமாவுக்கு முந்தைய ஆண்டு. வழக்கநிலை ஏட்டுக்கல்விப் பிரிவில் (நார்மல் அகாடமிக்) நன்றாகச் செய்தவர்கள் உயர்நிலை ஐந்துக்குப் போய்ச் சாதாரண நிலைத் தேர்வு எழுதுவதற்குப் பதிலாக, அந்த ஓராண்டைத் தொழிற்கல்லூரியிலேயே படிக்கிறார்கள். விரும்பிய டிப்ளோமாவில் தற்காலிகமாக இடமும் ஒதுக்கிவிடுவார்கள், ஃபவுண்டேஷன் பாடங்களில் தேறினால் அது உறுதியாகும். இங்கேயும் ஆண்டு குறையவில்லை. குறைவது ஒரு பெரிய பொதுத்தேர்வின் பாரம்தான். 2027இல் சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளின் இடத்தில் ஒரே உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு வருகிறது. அதற்கேற்ப நுழைவு விதிகளும் மாறும். ஆகவே அண்ணன் சேர்ந்த ஆண்டின் விதியை வைத்துத் தம்பிக்குத் திட்டம் போட வேண்டாம்.

தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் ஹையர் நைட்டெக் என்ற தொழிற்கல்விச் சான்றிதழை முடித்தவர்களுக்கும் ஒரு தாண்டல் உண்டு. தொடர்புள்ள டிப்ளோமாவாக இருந்தால், மதிப்பெண்ணைப் பொறுத்துச் சிலர் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

இப்போது இந்தியப் பாடத்திட்டப் பிள்ளைகள். வேலை நிமித்தமாகச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் இங்கே வந்த குடும்பங்கள் அதிகம் கேட்பது இதைத்தான்: "12ஆம் வகுப்பு முடிச்சாச்சு, யூகே போக ஃபவுண்டேஷன் வேணுமா?" பத்து வருடம் முன்பு உறவினர் பிள்ளைக்கு வேண்டும் என்றார்களே என்று பயப்படுகிறார்கள். பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் நல்ல மதிப்பெண்ணோடு வரும் 12ஆம் வகுப்பு மாணவர்களை நேராகவே சேர்க்கின்றன. சிபிஎஸ்இ, ஐஎஸ்சிக்கு ஒரு மதிப்பெண்ணும், மாநிலப் பாடத்திட்டத்துக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு மதிப்பெண்ணும் கேட்பது வழக்கம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் இந்த வரியைத் தேடிப் பார்க்க வேண்டும். மதிப்பெண் குறைந்தால்தான் ஃபவுண்டேஷன் பேச்சு வரும்.

ஜெர்மனி இதில் தனி ரகம். வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழ் தங்கள் ஊர்ச் சான்றிதழுக்குச் சமம் இல்லை என்று முடிவானால், 'ஷ்டூடியன்கொலெக்' என்ற ஆயத்தப் படிப்பைப் படிக்க வேண்டும், இரண்டு பருவம். முடிவில் ஒரு தகுதித் தேர்வு. இந்திய 12ஆம் வகுப்பு மட்டும் முடித்தவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டுவார்கள். ஆனால் ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியவர்களும், இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஓராண்டு வெற்றிகரமாக முடித்தவர்களும் அதே துறைக்கு நேராக விண்ணப்பிக்கலாம். இன்னும் ஒரு சுவாரசியம்: வகுப்புக்கே போகாமல், வெளியிலிருந்து அந்தத் தகுதித் தேர்வை மட்டும் எழுதவும் வழி வைத்திருக்கிறார்கள். எங்கே உட்கார்ந்து படித்தாய் என்பது அவர்களுக்கு முக்கியமில்லை, தெரியுமா என்பதுதான் முக்கியம். எனக்கு இது மிகவும் நியாயமாகப் படுகிறது.

பள்ளம் ஆண்டுக்கணக்கில் மட்டும் இருப்பதில்லை, பாடத்திலும் இருக்கும். மேல்நிலையில் பொருளியலும் வரலாறும் படித்தவருக்குத் திடீரென்று பொறியியல் ஆசை வந்தால், 12 ஆண்டு படித்திருந்தும் கணிதமும் இயற்பியலும் இல்லை. பிரிட்டனில் 'ஃபவுண்டேஷன் ஆண்டுடன் கூடிய பட்டம்' என்று நான்கு ஆண்டாக விற்கப்படுவது இப்படிப்பட்டவர்களுக்கு உதவும். முதல் ஆண்டு அதே பல்கலைக்கழகத்திலேயே நடக்கும். உள்ளூரில் இதற்கு முழு ஆண்டு செலவழிப்பதில்லை. பொறியியலுக்குத் தேவையான கணிதம் இருந்து, இயற்பியல் மட்டும் படிக்காமல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு வருபவர்களுக்கு ஓர் அடிப்படைப் பாடத்தைக் கூடுதலாக வைத்துச் சரிக்கட்டிவிடுகிறார்கள். ஒரு பாடத்தில் தீரும் குறைக்கு ஓராண்டு மருந்து தேவையில்லை அல்லவா? நீங்கள் போகும் பல்கலைக்கழகத்திலும் இப்படி ஒரு வழி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஆங்கிலம் மட்டும்தான் குறை என்றால் இன்னும் எளிது. ஐஎல்ட்ஸ் மதிப்பெண் கொஞ்சம் குறைந்ததற்காக முழு ஃபவுண்டேஷன் ஆண்டில் சேர்த்துவிட்டார்கள் என்று ஒரு நண்பர் புலம்பினார். பல பல்கலைக்கழகங்கள் கோடையில் சில வாரங்கள் நடத்தும் ஆங்கில ஆயத்த வகுப்பே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும். யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஓவியம், வடிவமைப்பு படிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் நான் சொன்னதெல்லாம் தலைகீழ். பிரிட்டனில் மேல்நிலைத் தேர்வில் நன்றாகச் செய்தவர்கள்கூட ஓராண்டுக் கலை ஃபவுண்டேஷன் படித்துவிட்டுத்தான் பட்டத்துக்குப் போவது நெடுநாள் வழக்கம். களிமண், துணி, புகைப்படம், அச்சு என்று எல்லாவற்றிலும் கைவைத்துப் பார்த்து, எது தன் துறை என்று கண்டுபிடிக்கும் ஆண்டு அது. படைப்புத் தொகுப்பு பலமாக இருந்தால் அதையும் தவிர்க்கலாம். இங்கே லாசால், நாஃபா கலைக் கல்லூரிகளில் டிப்ளோமா முடித்தவர்களிடம் அப்படியொரு தொகுப்பு ஏற்கெனவே இருக்கும்.

தவிர்க்க முடியும் என்றாலும் தவிர்க்காமல் இருப்பது நல்லது என்று தோன்றும் இடம் ஒன்று உண்டு. கணிதம். தொழிற்கல்லூரியிலிருந்து பொறியியல் பட்டத்துக்குப் போகும் பிள்ளைகள் பயிற்சிக்கூடத்தில் சிங்கம், கணித வகுப்பில் முதல் பருவம் திணறுவார்கள். இவர்களுக்காகப் பல்கலைக்கழகங்கள் பாடம் தொடங்கும் முன் கணித ஆயத்த வகுப்பு நடத்துவதுண்டு. விருப்பம் இருந்தால் வரலாம் என்று கடிதத்தில் எழுதியிருக்கும். போங்கள். பாட விலக்கு கிடைக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளவும் வேண்டாம். முதலாண்டுக் கணிதத்தில் விலக்கு வாங்கிவிட்டு இரண்டாம் ஆண்டுக் கணிதத்தில் விழுந்தவர்கள் எங்கள் உறவிலேயே இருக்கிறார்கள்.

பெயர்க் குழப்பம் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 'ஃபவுண்டேஷன் டிகிரி' என்பது முற்றிலும் வேறு. அது பட்டத்துக்கு முந்தைய ஆண்டு அல்ல, தானே ஒரு தகுதி. முழு நேரமாகப் படித்தால் இரண்டு ஆண்டு, முடித்ததும் பட்டத்தின் கடைசி ஆண்டில் சேரலாம். 'இன்டர்நேஷனல் இயர் ஒன்' என்பதும் ஃபவுண்டேஷன் அல்ல, அது பட்டத்தின் முதலாண்டுக்குச் சமமானது. கையேட்டில் எந்தச் சொல் இருக்கிறது என்று விரல் வைத்துப் படியுங்கள்.

செலவைப் பற்றிப் பேசும்போது இணையத்தில் ஒரு தொகை கண்ணில் படும். இங்கிலாந்தில் வகுப்பறைப் பாடங்களுக்கான ஃபவுண்டேஷன் ஆண்டுக் கட்டணத்தின் உச்சவரம்பை 2025-26 முதல் 5,760 பவுண்டாகக் குறைத்திருக்கிறார்கள். மகிழ வேண்டாம், அது அவர்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு. நம் பிள்ளைகளிடம் வாங்கும் கட்டணத்துக்கு அந்த வரம்பு கிடையாது.

சிங்கப்பூரிலேயே தனியார் கல்லூரியில் ஃபவுண்டேஷன் படித்துவிட்டு, இங்கேயே வெளிநாட்டுப் பட்டத்தை முடிக்கும் வழியும் இருக்கிறது. வீட்டுச் சாப்பாடு, வாடகை மிச்சம். ஆனால் கல்லூரி அரசிடம் பதிவு பெற்றிருப்பதை அரசு தரச்சான்று கொடுத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பதிவு வேறு, தரத்துக்குக் கொடுக்கும் எட்யூடிரஸ்ட் சான்றிதழ் வேறு. வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க இரண்டாவதும் வேண்டும். கட்டணப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கல்லூரி நடுவில் மூடிவிட்டால் அதுதான் கைகொடுக்கும்.

அக்கா மேசையிலிருந்த கையேடுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, அன்றிரவு நாங்கள் செய்தது ஒன்றுதான். அவன் விரும்பும் துறை உள்ள மூன்று பல்கலைக்கழகங்களின் இணையப் பக்கத்தில் 'சிங்கப்பூர்' என்ற நாட்டுப் பெயரைத் தேர்ந்தெடுத்தோம். எந்தச் சான்றிதழோடு எந்த ஆண்டில் சேரலாம் என்பது வரி வரியாக இருந்தது. புரியாத இடத்துக்குச் சேர்க்கைப் பிரிவுக்கே நேரடியாக மின்னஞ்சல் எழுதினோம். கேள்விகள் மூன்றே: இந்தச் சான்றிதழோடு நேராக முதலாண்டில் சேர முடியுமா? முடியாது என்றால் எது குறைகிறது, ஆண்டா, பாடமா, மதிப்பெண்ணா, மொழியா? அந்தக் குறையைத் தீர்க்க உங்கள் ஃபவுண்டேஷனைத் தவிர வேறு எதை ஏற்றுக்கொள்வீர்கள்?

மூன்று நாளில் இரண்டு பதில் வந்தது. இரண்டிலும் தொடர்புள்ள டிப்ளோமா இருந்தால் ஃபவுண்டேஷன் வேண்டாம் என்று இருந்தது, ஒன்றில் இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம் என்றும். பையன் இப்போது தொழிற்கல்லூரிகளின் பாடப்பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்கிறான். அப்பாவுக்கு டிப்ளோமா, பாட விலக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்டார்: "பி.யூ.சி.யை எங்க படிக்கப் போறானாம்?"